படுக்கைக்கு முன் பசியாறல்: சிங்கப்பூரில் கையைக் கடிக்காத பேட்டைகள்

முதல் தடவை அம்மாவைச் சிங்கப்பூருக்கு அழைத்துப் போனபோது விலையை மட்டும் பார்த்து அறை எடுத்தேன். ஜாலான் புசார் பக்கம், ஒரு பழைய கடைவீட்டின் மூன்றாவது மாடி. பட்டியலில் இருந்ததிலேயே மலிவு. லிஃப்ட் கிடையாது. ஏணியை நிமிர்த்தி வைத்த மாதிரி செங்குத்தான படி. அம்மா ஒரு கையைச் சுவரிலும் ஒரு கையை முழங்காலிலும் ஊன்றி ஏறினார். கட்டிலைச் சுற்றி ஒருக்களித்துத்தான் நடக்க முடிந்தது. அதெல்லாம்கூடப் பரவாயில்லை. அறையில் ஜன்னலே இல்லை. விளக்கை அணைத்தால் கும்மிருட்டு. ராத்திரி இரண்டு தடவை விழித்து, "பொழுது விடிஞ்சிருச்சாப்பா?" என்று கேட்டார். மூன்றாவது தடவை கேட்டபோது காலை மணி எட்டரை. வெளியே வெயில் ஏறியிருந்தது, உள்ளே இருந்த எங்களுக்குத் தெரியவில்லை.

அன்றைக்குத் தமிழர் பேட்டையான தேக்கா பக்கம் பூ வாங்கப் போனோம். மல்லிகைச் சரம் தொடுத்துக்கொண்டிருந்த அம்மாள் எங்கள் கதையைக் கேட்டுவிட்டு, நூலிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னார்: "ஜன்னல் இருக்கான்னு கேட்டியா தம்பி? இங்க அதத்தான் மொதல்ல கேக்கணும்." அதற்குப் பிறகு அந்தக் கேள்வியை நான் கேட்காமல் விட்டதில்லை. அடுத்தடுத்த பயணங்களில் வேறு சில கேள்விகளும் அதோடு சேர்ந்துகொண்டன. அவற்றைத்தான் இங்கே எழுதுகிறேன்.

தள்ளிப் போனால் மலிவு என்பது இங்கே செல்லாது

சிங்கப்பூரில் சாப்பாடு கட்டுப்படியாகும். ரயிலும் பேருந்தும் கட்டுப்படியாகும். தண்ணீரைக் குழாயிலிருந்தே பிடித்துக் குடிக்கலாம். கையைக் கடிப்பது படுக்கைதான். ஒரு சிங்கப்பூர் வெள்ளி அறுபது ரூபாயைத் தாண்டிய பிறகு (அங்குள்ள தமிழர்கள் டாலரை வெள்ளி என்றுதான் சொல்வார்கள், நீங்களும் பழகிக்கொள்ளுங்கள்) நான்கு நாள் அறை வாடகை விமான டிக்கெட்டைவிட அதிகமாகிவிடுவது சாதாரணம்.

சென்னையில் தி.நகரில் அறை விலை கூடினால் தாம்பரம் பக்கம் தேடுவோம். அந்தக் கணக்கைச் சிங்கப்பூரில் போடாதீர்கள். ஊரின் ஓரங்களில், தெம்பனிஸ், ஜூரோங், உட்லண்ட்ஸ், அங் மோ கியோ என்று நீங்கள் வரைபடத்தில் பார்ப்பவையெல்லாம் குடியிருப்பு நகரங்கள். வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் கட்டிய அடுக்குமாடிகள், சுருக்கமாக வீவக வீடுகள். நாட்டு மக்களில் பெரும்பாலோர் அங்கேதான் வசிக்கிறார்கள். ஹோட்டல் அபூர்வம். யாராவது ஒரு வீட்டில் நாலு நாளைக்கு ஓர் அறை எடுத்துக்கொள்ளலாமே என்றால் சட்டம் இடம் கொடுப்பதில்லை. வீவக வீட்டைக் குறைந்தது 6 மாதத்துக்குத்தான் வாடகைக்கு விடலாம், தனியார் அடுக்குமாடியைக் குறைந்தது 3 மாதத்துக்கு. சுற்றுலா விசாவில் வந்தவர் வீவக அறையை வாடகைக்கு எடுக்கவே முடியாது. மற்ற நாடுகளில் நாம் பழகிய "வீட்டில் தங்கும் அறை" இணையதளங்கள் சிங்கப்பூருக்குப் பயன்படாமல் போவதற்கு இதுதான் காரணம். ஒரு நாள் வாடகைக்கு அறை என்று அடுக்குமாடிப் புளோக் எண்ணோடு விளம்பரம் கண்ணில் பட்டால், விலை எவ்வளவு இழுத்தாலும் தொடாதீர்கள். உறவினர் வீட்டில் விருந்தாளியாகத் தங்குவது வேறு விஷயம், அதற்குத் தடை இல்லை.

அப்படியானால் மலிவான அறை எங்கே? நகரின் நட்டநடுவைச் சுற்றி ஒரு வளையம் போட்டுக்கொள்ளுங்கள். தேக்கா, ஜாலான் புசார், லவண்டர், கேலாங், பாலஸ்தியர், சைனாடவுன். பழைய கடைவீடுகள் மிஞ்சியிருக்கும் பேட்டைகள் இவை. கீழே கடை, மேலே குடித்தனம் என்று கட்டிய வீடுகளின் மாடிகள்தான் பல இடங்களில் இப்போது சின்ன ஹோட்டல்களாகவும் படுக்கை விடுதிகளாகவும் மாறியிருக்கின்றன.

கடைவீட்டின் அமைப்பைத் தெரிந்துகொண்டால் அறையைப் பற்றிப் பாதி தெரிந்துவிடும். நம் அக்கிரகாரத்து வீடுகளைப் போலத்தான்: முகப்பு குறுகல், உள்ளே நீளம், இரண்டு பக்கமும் அடுத்த வீட்டோடு ஒட்டிய சுவர். பக்கவாட்டில் ஜன்னல் வைக்க வழியே இல்லை. வெளிச்சம் முன்னாலிருந்து வர வேண்டும், பின்னாலிருந்து வர வேண்டும், இல்லாவிட்டால் நடுமுற்றத்திலிருந்து வர வேண்டும். அந்த நீளத்தைப் பத்து அறையாகத் தடுத்தால் நடுவில் மாட்டிக்கொள்ளும் அறைகளுக்கு வெளிச்சம் கிடையாது. அவைதான் பட்டியலில் அடிமட்ட விலையில் நிற்கும். எங்களுக்குக் கிடைத்தது அப்படி ஒன்று.

கடைவீட்டு வரிசையில் நல்லதும் ஒன்று உண்டு. முன்புறம் நெடுக ஓடும் கூரை போட்ட நடைபாதை. 1822இல் ஆங்கிலேய அதிகாரி ராஃபிள்ஸ் வகுத்த நகரத் திட்டத்திலேயே இந்தத் தாழ்வாரம் கட்டாயமாக்கப்பட்டது. ஐந்தடிப் பாதை என்று பெயர், பழைய ஆட்கள் அஞ்சடி என்பார்கள். சொல்லாமல் கொள்ளாமல் கொட்டும் மழையில் பெட்டியை இழுத்துக்கொண்டு நனையாமல் போக அதுதான் துணை.

முதலில் பசியாற இடம்

அங்கே காலை உணவைப் பசியாறல் என்பார்கள். "பசியாறியாச்சா?" என்று கேட்டால் நாஷ்டா முடிந்ததா என்று அர்த்தம். தங்கும் பேட்டையைத் தேர்ந்தெடுக்க நான் வைத்திருக்கும் அளவுகோல் இந்தப் பசியாறல்தான். அறை வாடகையைப் பிறகு பார்க்கிறேன்.

வரைபடத்தைத் திறந்ததும் ஹோட்டலைத் தேடாதீர்கள். உணவங்காடி நிலையத்தைத் தேடுங்கள். கூரை போட்ட பெரிய கொட்டகை, அதற்குள் பத்துக் கணக்கில், சில இடங்களில் நூற்றுக் கணக்கில் சின்னச் சின்னக் கடைகள், நடுவில் பொது மேசைகள். சீனர், மலாய்க்காரர், தமிழர் எல்லாரும் பக்கத்துப் பக்கத்து மேசையில் சாப்பிடும் இடம். இந்த உணவங்காடிப் பண்பாட்டை 2020இல் யுனெஸ்கோ தன் பட்டியலில் சேர்த்தது. நமக்கு முக்கியமானது வேறு: வயிறு நிறையும் பசியாறல் ஐந்தாறு வெள்ளியில் முடிந்துவிடும், கோப்பி இரண்டு வெள்ளிக்குள் கிடைக்கும். இதையே பெரிய ஹோட்டலுக்குள் சாப்பிட்டால் நாலைந்து மடங்கு ஆகும். மூன்று வேளை, நான்கு பேர், நாலு நாள் என்று பெருக்கிப் பாருங்கள். அறையில் மிச்சப்படுத்தியதாக நினைத்த பணம் சாப்பாட்டில் போய்விடும்.

உணவங்காடி நிலையத்தைக் கண்டுபிடித்தபின் அதையொட்டிய ரயில் நிலையத்தைப் பாருங்கள். பிறகுதான் இரண்டுக்கும் இடையில் எந்த ஹோட்டல் என்று தேட வேண்டும். நிலைய வாசலிலிருந்து எட்டு நிமிட நடை என்பது என் வரம்பு. நிலையத்தின் பெயரை மட்டும் வைத்துக் கணக்குப் போடாதீர்கள். ஒரே நிலையத்துக்குப் பல வாசல்கள் உண்டு, ஒரு வாசலுக்கும் இன்னொன்றுக்கும் நடை தூரம் கணிசமாக வேறுபடும். பன்னிரண்டு மாதமும் புழுங்கும் ஊர் அது. காலையில் எட்டு நிமிடமாகத் தெரிந்த தூரம் சாயங்காலம் கால் ஓய்ந்து திரும்பும்போது இருபது நிமிடமாகத் தெரியும்.

உழைத்துப் பிழைப்பவர்கள் தினமும் சாப்பிட வரும் தெருவில் தங்குங்கள் என்பதுதான் நான் எல்லாருக்கும் சொல்வது. அந்தத் தெருவில் சோறு மலிவாக இருக்கும், பேருந்து அடிக்கடி வரும், ராத்திரி பத்து மணிக்கும் ஏதாவது ஒரு கடை திறந்திருக்கும். மிச்சமெல்லாம் தானாக அமையும்.

தேக்கா

வரைபடத்தில் லிட்டில் இந்தியா. தமிழர் வாயில் தேக்கா. மூங்கிலின் அடி என்ற பொருளுள்ள ஹொக்கியன் சீனச் சொல்லிலிருந்து வந்த பெயர். சீனப் பெயரைத் தமிழர் சொல்ல, பக்கத்துச் சாலைக்குப் பெயர் பஃபலோ சாலை, அடுத்ததற்கு மலாயில் எருமை என்று பொருள்படும் கெர்பாவ் சாலை. ஒரு காலத்தில் மாட்டுத் தொழுவங்களும் மாட்டு வியாபாரமும் இருந்த இடம். ரேஸ் கோர்ஸ் சாலை என்ற பெயரும் குதிரைப் பந்தயத் திடல் இங்கே இருந்த காலத்தின் மிச்சம்.

தமிழ்க் குடும்பத்துக்கு, முக்கியமாக வயதானவர்களோடும் குழந்தைகளோடும் போகிறவர்களுக்கு, நான் முதலில் சொல்லும் பேட்டை இதுதான். நம்மவர்கள் இருக்கிறார்கள் என்பதற்காக மட்டும் சொல்லவில்லை. ரயிலைப் பாருங்கள். லிட்டில் இந்தியா நிலையத்தில் ஊதா நிற வடகிழக்குத் தடமும் நீல நிற டௌன்டவுன் தடமும் சந்திக்கின்றன. நீலத் தடத்தில் ஏறினால் ரோச்சோர், பூகிஸ், புரோமனாட் தாண்டி நான்காவது நிறுத்தம் பேஃபிரண்ட்: மரினா பே சேண்ட்ஸும் கார்டன்ஸ் பை த பே பூங்காவும் அங்கேதான். ஊதாத் தடத்தில் ஏறினால் வண்டி மாறாமல் ஹார்பர்ஃபிரண்ட், செந்தோசா தீவுக்கு வாசல். அறைக்கு மும்மடங்கு கொடுத்து மரினா பே ஓரத்தில் தங்குகிறவர் பார்க்கும் அதே விளக்குகளை நீங்களும் பார்த்துவிட்டு, நாலு நிறுத்தத்தில் திரும்பி வந்து தோசை சாப்பிடலாம்.

தேக்கா நிலையம் என்ற சந்தைக் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் ஒரு பக்கம் ஈரச்சந்தை, மீனும் கீரையும் முருங்கைக்காயும். மறுபக்கம் உணவுக்கடைகள். பிரியாணி, பரோட்டா, தோசை, மீ கோரிங். காலை ஏழு மணிக்கு அங்கே போய் உட்கார்ந்து பாருங்கள். மேசை துடைக்கும் சீனப் பாட்டி, கீரை வாங்க வந்த பஞ்சாபிப் பெண், இரவு வேலை முடிந்து வந்த அறந்தாங்கித் தம்பி. தே தாரிக் ஆற்றுகிறவர் இரண்டு குவளைகளுக்கு நடுவே ஒரு முழம் நீளத்துக்குத் தேநீரை இழுத்து ஊற்றுவார். நுரை விளிம்பில் நிற்கும், ஒரு சொட்டு கீழே விழாது. சைவம் மட்டும் சாப்பிடுகிறவர்களுக்குச் சிராங்கூன் சாலையில் கவலையே இல்லை. ஆனந்த பவன் 1924இலிருந்தும் கோமள விலாஸ் 1947இலிருந்தும் இருக்கின்றன. உணவங்காடியைவிட விலை கூடுதல்தான், ஆனாலும் சாம்பாருக்கு ஏங்கும் பெரியவர்களுக்கு அது பெரிய ஆறுதல்.

தேக்காவுக்குள்ளேயே எந்தப் பக்கம் என்பதும் முக்கியம். டன்லப் தெரு, டிக்சன் சாலை பக்கம் இளைஞர்கள் தங்கும் படுக்கை விடுதிகள் அதிகம். தனியாகப் போகிற பையனோ பெண்ணோ நான்கு, ஆறு படுக்கை உள்ள பொது அறையில் ஒரு படுக்கை எடுத்துக்கொள்ளலாம். பெண்களுக்கென்று தனி அறை வைத்திருக்கும் விடுதிகளும் உண்டு, முன்பதிவிலேயே அதைக் கேட்டு வாங்குங்கள். குடும்பமாகப் போகிறவர்கள் ஃபேரர் பார்க் நிலையத்தைச் சுற்றித் தேடுவது நல்லது. தெருக்கள் சற்று அகலம், லிஃப்ட் உள்ள கட்டடங்கள் கூடுதல், முஸ்தபா பேரங்காடி நடந்து போகும் தூரம், ஸ்ரீ ஸ்ரீநிவாசப் பெருமாள் கோயில் பக்கத்திலேயே. பணம் மாற்ற முஸ்தபா பக்கத்து நாணய மாற்றுக் கடைகளில் நல்ல விலை கிடைக்கும். விமான நிலையத்தில் டாக்சிக்கும் ஒரு வேளைச் சாப்பாட்டுக்கும் ஆகும் அளவுக்கு மட்டும் மாற்றுங்கள். டெஸ்கர் சாலையின் பின்சந்துகள் பழைய சிவப்பு விளக்குப் பகுதி. ஆபத்தில்லை, ஆனால் குழந்தைகளோடு தங்குகிறவர்கள் அந்தத் தெருவைத் தவிர்க்கலாம்.

ஞாயிற்றுக்கிழமையைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். அன்றைக்குச் சாயங்காலம் தேக்காவில் கால் வைக்க இடம் இருக்காது. கட்டுமான இடங்களிலும் கப்பல் பட்டறைகளிலும் வேலை செய்யும் நம் ஊர்ப் பிள்ளைகளும் பங்களாதேஷ் பிள்ளைகளும் ஊரின் ஓரங்களில் உள்ள தங்கும் விடுதிகளிலிருந்து பேருந்துகளில் வந்து இறங்குவார்கள். ஊருக்குப் பணம் அனுப்ப, கூட்டாளியைப் பார்க்க, ஒரு வாரத்துக்கான சாமான் வாங்க அவர்களுக்கு இருப்பது அந்த ஒரு நாள். சில பயண ஏடுகள் ஞாயிறு தேக்காவைத் தவிர்க்கச் சொல்கின்றன. எனக்கு அதில் உடன்பாடில்லை. நீங்கள் படம் எடுத்துக்கொள்ளும் கட்டடங்களைக் கட்டியவர்கள் அவர்கள்தான். வழி தெரியாமல் நின்றால், "எங்கண்ணே போகணும்?" என்று கேட்டுத் தெருமுனை வரை கொண்டுவந்து விடுகிறவர்களும் அவர்கள்தான். கூட்டம் ஒத்துக்கொள்ளாத பெரியவர்கள் கூட இருந்தால், ஞாயிற்றுக்கிழமை வந்து இறங்காதபடி பயணத்தை அமைத்துக்கொண்டால் போதும். 2013 டிசம்பரில் இங்கே நடந்த கலவரத்துக்குப் பிறகு மது விதிகள் இறுக்கப்பட்டன. இப்போது சிங்கப்பூர் முழுக்க இரவு பத்தரை முதல் காலை ஏழு வரை பொது இடத்தில் மது அருந்தக்கூடாது. தேக்காவிலும் கேலாங்கிலும் வார இறுதியில் கட்டுப்பாடு இன்னும் அதிகம்.

தைப்பூசத்தன்று காவடிகள் பெருமாள் கோயிலிலிருந்து புறப்பட்டுத் டேங்க் சாலை தெண்டாயுதபாணி கோயில் வரை போகும். ஃபேரர் பார்க் பக்கம் அறை எடுத்தால் காவடி புறப்படுவது வாசலிலேயே தெரியும். ஆனால் அன்று சாலைகள் அடைபடும், டாக்சி வாசலுக்கு வராது. தீபாவளிக்கு முந்தைய வாரங்களிலும் நெரிசல் கடுமை.

கேலாங்: ஒற்றைப்படையும் இரட்டைப்படையும்

கேலாங் என்றதும் சிங்கப்பூரில் உங்களுக்குத் தெரிந்தவர்கள் யாராவது இருந்தால் முகத்தைச் சுளிப்பார்கள். சட்டத்தின் கண்காணிப்பில் விலைமாதர் விடுதிகள் நடக்கும் பகுதி அங்கே இருப்பது உண்மை. அதற்காகப் பேட்டை முழுவதையும் ஒதுக்கிவிட்டால் ஊரின் மலிவான அறைகளில் பெரும் பங்கை இழந்துவிடுவீர்கள்.

கேலாங் சாலையிலிருந்து இரண்டு பக்கமும் சந்துகள் பிரியும். சந்துக்கு மலாயில் லோரோங். வடக்குப் பக்கம் ஒற்றைப்படை எண்கள், தெற்குப் பக்கம் இரட்டைப்படை எண்கள். சிவப்பு விளக்கு வியாபாரம் பெரும்பாலும் இரட்டைப்படை லோரோங்குகளில், அதுவும் எண் குறைந்த பக்கம். எனவே முகவரியைப் பார்த்தாலே ஓரளவு தெரிந்துவிடும். ஒற்றைப்படை லோரோங், அல்ஜுனிட் நிலையத்தை ஒட்டி, என்றால் குடும்பத்தோடு தங்குவதில் சங்கடம் இல்லை. அல்ஜுனிட்டிலிருந்து பச்சைத் தடத்தில் காலாங், லவண்டர், பூகிஸ், சிட்டி ஹால் தாண்டி ஐந்தாவது நிறுத்தம் ராஃபிள்ஸ் பிளேஸ். சிங்க மீன் சிலை அங்கிருந்து நடை தூரம். கேலாங்கில் ராத்திரி வெகுநேரம் சாப்பாடு கிடைக்கும், டுரியான் பருவத்தில் தெருவே மணக்கும். அந்தப் பழத்தை அறைக்குக் கொண்டுவர ஹோட்டல்கள் விடுவதில்லை, ரயிலிலும் அனுமதி இல்லை. கடை மேசையிலேயே தின்றுவிட்டு வாருங்கள்.

கேலாங் ஹோட்டல்களில் சில மணிக்கணக்குக்கும் அறை விடுகின்றன. முன்பதிவு செய்யும்போது விருந்தினர் கருத்துகளில் இதைத் தேடிப் பாருங்கள். அப்படிப்பட்ட இடத்தில் பயம் இல்லை என்றாலும், ராத்திரி முழுக்கக் கதவு திறந்து மூடும் சத்தம் இருக்கும்.

இன்னும் கிழக்கே போனால் பாய லேபார், கேலாங் செராய். மலாய்க்காரர்களின் பழைய பேட்டை. இங்கே சந்தைக்கு மேல் மாடியில் உள்ள உணவங்காடியில் நாசி பாடாங் சாப்பிடாமல் வந்தால் நஷ்டம் உங்களுக்குத்தான். கேலாங் ஈஸ்ட்டில் ஸ்ரீ சிவன் கோயில் இருக்கிறது. ஆர்ச்சர்ட் சாலையில் இருந்து இடம் மாறி வந்த கோயில். நெரிசலும் வேண்டாம், சிவப்பு விளக்குச் சங்கடமும் வேண்டாம் என்பவர்களுக்கு நான் காட்டும் இடம் இந்தப் பாய லேபார், கேலாங் செராய் பக்கம்தான்.

மற்றவை, சுருக்கமாக

லவண்டர், பெண்டிமியர், ஜாலான் புசார் மூன்றும் தேக்காவின் தொடர்ச்சி மாதிரி. தேக்காவில் அறை கிடைக்காவிட்டால் முதலில் இங்கே தேடுங்கள், நடந்தே தேக்காவுக்கு வந்துவிடலாம். பாலஸ்தியரில் அறை விலை நன்றாகக் குறையும், ஆனால் சாலையின் மேல் ரயில் நிலையம் இல்லை. பேருந்தில் ஏறி இறங்கத் தயங்காதவர்களுக்கு மட்டும். சைனாடவுனில் ஆள் மட்டும் படுக்கும் கூடு மாதிரியான படுக்கைகளைக் கடைவீடுகளில் அடுக்கியிருக்கிறார்கள். தனியாள் பயணத்துக்கு நன்று. சைனாடவுன் நிலையத்துக்குப் பக்கத்திலேயே 1827இல் தொடங்கிய ஸ்ரீ மாரியம்மன் கோயில் இருக்கிறது, சீனப் புத்தாண்டின்போது மட்டும் இந்தப் பேட்டையை விட்டுவிடுங்கள். கத்தோங் முன்பு ரயில் இல்லாமல் ஒதுங்கிக் கிடந்தது. 2024 ஜூனில் தாம்சன்-ஈஸ்ட் கோஸ்ட் தடம் அந்தப் பக்கம் வந்துவிட்டது. அங்குள்ள சிலோன் சாலையில் யாழ்ப்பாணத் தமிழர்கள் வளர்த்த செண்பக விநாயகர் கோயில். அறை விலை தேக்காவைவிடச் சற்றுக் கூடலாம், ஆனால் கடற்கரை பக்கம்.

மலேசியாவின் ஜொகூர் பாருவில் தங்கி, தினமும் எல்லை தாண்டி வந்து ஊர் பார்க்கலாம் என்று பலர் யோசனை சொல்வார்கள். பாலம் ஒரு கிலோமீட்டர்தான், அறை விலையும் பாதிக்குக் கீழே. கணக்கு அங்கேயே முடிந்துவிடுவதில்லை. ஒவ்வொரு நாளும் இரண்டு குடிநுழைவுச் சாவடி, போக ஒரு தடவை, வர ஒரு தடவை. மலேசியாவில் வசித்துச் சிங்கப்பூரில் வேலை பார்க்கும் பெருங்கூட்டம் அதே வரிசையில் நிற்கும். வார இறுதியில் மணிக்கணக்கு. உங்கள் சிங்கப்பூர் விசா பலமுறை நுழைய அனுமதிக்கிறதா என்பதையும் பார்க்க வேண்டும். நாலு நாள் பயணத்தில் ஒரு நாளை வரிசையில் நின்று கழிப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. பத்து நாள் தங்கி, அதில் இரண்டு நாள் ஜொகூரும் பார்ப்பதானால் செய்யலாம்.

விலைப்பட்டியலைப் படிக்கும் விதம்

விலைக்குப் பக்கத்தில் இரண்டு கூட்டல் குறி இருக்கிறதா என்று பாருங்கள். ஒரு கூட்டல் 10 விழுக்காடு சேவைக் கட்டணம், இன்னொரு கூட்டல் 9 விழுக்காடு பொருள் சேவை வரி. 2024 ஜனவரியிலிருந்து வரி 9 விழுக்காடு. சேவைக் கட்டணத்தின் மீதும் அந்த வரி உண்டு. ஆகவே 100 வெள்ளி, கூட்டல் கூட்டல் என்றால் நீங்கள் கட்டப்போவது 119 வெள்ளி 90 காசு. நாலு இரவுக்கு 80 வெள்ளி கிட்டத்தட்டக் கூடிவிடும். இரண்டு ஹோட்டல்களை ஒப்பிடும்போது கடைசிப் பக்கத்தில் வரும் மொத்தத் தொகையை மட்டும் ஒப்பிடுங்கள்.

அறையின் பரப்பைச் சதுர மீட்டரில் போட்டிருப்பார்கள். ஒன்பது, பத்து என்றால் இரண்டு பெட்டியைத் தரையில் ஒரே நேரத்தில் திறக்க இடம் இருக்காது. 14க்கு மேல் இருந்தால் இரண்டு பேர் மூச்சுவிட்டு இருக்கலாம். "ஸ்டாண்டர்ட்", "சுப்பீரியர்" என்ற பெயர்களைக் கொண்டு எதையும் முடிவு செய்யாதீர்கள், ஜன்னல் உண்டா என்பதற்குத் தனி வரி இருக்கும். அந்த வரி இல்லாவிட்டால் ஜன்னல் இல்லை என்றே எடுத்துக்கொள்ளுங்கள். ஜன்னல் என்று போட்டுவிட்டு, கைகொள்ளும் அளவில் உயரத்தில் ஒரு கண்ணாடித் துண்டை வைத்திருப்பவர்களும் உண்டு, அதனால் அந்த வகை அறையின் படத்தையே பார்க்க வேண்டும். லிஃப்ட் இருக்கிறதா, எந்த மாடி, இரண்டு தனிக் கட்டிலா ஒரே கட்டிலா: இவற்றை ஹோட்டலுக்கு நேராக எழுதிக் கேளுங்கள். ஒரு வரி மின்னஞ்சல் போதும், பதில் வராத ஹோட்டலை நான் எடுப்பதில்லை.

இலவசமாக ரத்து செய்யும் வசதியோடு சீக்கிரமே ஓர் அறையைப் பிடித்து வைத்துவிட்டு, புறப்படுவதற்கு மூன்று வாரம் முன்பு மறுபடி விலை பாருங்கள். குறைந்திருந்தால் மாற்றிக்கொள்ளலாம்.

தேதியும் பேட்டை அளவுக்கு முக்கியம். 2008இலிருந்து மரினா பே சாலைகளில் இரவில் நடக்கும் ஃபார்முலா ஒன் கார் பந்தயம் செப்டம்பர், அக்டோபர் பக்கம் வரும். அந்த வாரம் தேக்காவில்கூட விலை எகிறும். 2024 மார்ச்சில் டெய்லர் ஸ்விஃப்ட் ஆறு இரவு கச்சேரி நடத்தியபோது தென்கிழக்காசியா முழுவதிலிருந்தும் ரசிகர்கள் வந்து குவிந்தார்கள். அறை தேடியவர்கள் திண்டாடிப்போனார்கள். தேதியை முடிவு செய்யுமுன் அந்த வாரம் ஊரில் என்ன நடக்கிறது என்று பார்த்துவிடுங்கள். ஜூன், டிசம்பர் பள்ளி விடுமுறையிலும் விலை இறங்காது.

விடியற்காலை வந்து இறங்கினால்

நள்ளிரவில் இங்கே ஏறினால் அங்கே விடிந்திருக்கும், நம்மைவிட இரண்டரை மணி நேரம் முன்னால் ஓடும் கடிகாரம். அறை கிடைப்பதோ மதியம் மூன்று மணிக்கு. சிங்கப்பூரில் இறங்கும் நாளையும் சேர்த்து அதற்கு முந்தைய மூன்று நாளுக்குள் சிங்கப்பூர் வருகை அட்டையை அரசுத் தளத்தில் நிரப்பிவிடுங்கள். அது இலவசம், காசு கேட்கும் தளங்கள் அரசுடையவை அல்ல. தங்குமிட முகவரி அதில் கேட்கப்படும்.

சாங்கி விமான நிலையத்திலிருந்து ரயில்தான் மலிவு, பெரியவர் ஒருவருக்கு மூன்று வெள்ளிக்குள். தானா மேராவில் மாறினால் பச்சைத் தடம்: பாய லேபார், அல்ஜுனிட், லவண்டர். எக்ஸ்போவில் மாறினால் நீலத் தடம்: பெண்டிமியர், ஜாலான் புசார். தேக்காவுக்குப் போகிறவர்கள் ஜாலான் புசாரிலேயே இறங்கி நடக்கலாம், அதே தடத்தில் லிட்டில் இந்தியா நிலையத்துக்கு ரயில் நகரைச் சுற்றிக்கொண்டு போகும். நான்கு பேரும் பெரிய பெட்டிகளும் என்றால் டாக்சி எடுப்பதில் தப்பில்லை. நள்ளிரவிலிருந்து காலை ஆறு வரை மீட்டர் தொகையில் பாதி கூடுதலாக வாங்குவார்கள் என்பதால், ஐந்தரைக்கு வெளியே வந்தால் அரைமணி பொறுத்துக் கிளம்புங்கள்.

ஹோட்டலுக்குப் போய்ப் பெட்டியை மட்டும் ஒப்படையுங்கள். கேட்டால் பெரும்பாலும் வாங்கி வைத்துக்கொள்வார்கள். பெரியவர்கள் குளிக்க விரும்பினால் முதல் கேள்வியாக அதையும் கேளுங்கள், விடுதிகள் சிலவற்றில் பொதுக் குளியலறையைத் திறந்துவிடுவார்கள். மாற்றுத் துணி, மாத்திரை, கடவுச்சீட்டு மூன்றும் கைப்பையில் இருக்கட்டும். பிறகு நேரே தேக்கா நிலைய உணவங்காடிக்கு வந்து பசியாறலாம். இரண்டாவது பயணத்தில் அம்மாவோடு அப்படித்தான் வந்து உட்கார்ந்தேன். மேசையில் தோசை வந்தது, தே தாரிக் வந்தது. "இந்தத் தடவ ஜன்னல் இருக்குல்ல?" என்றார். இருந்தது. ஃபேரர் பார்க் பக்கம், ஐந்தாவது மாடி, லிஃப்ட், ஜன்னல் வழியே கோபுரத்தின் உச்சி தெரிந்தது.

திரும்பும் நாளில் பதினொன்று, பன்னிரண்டுக்குள் அறையைக் காலி செய்ய வேண்டும். இரவு விமானம் என்றால் பெட்டியை மறுபடி ஹோட்டலிலேயே விட்டுவிட்டு ஊர் சுற்றலாம். விமான நிலையத்துக்குக் கடைசி ரயில் எத்தனை மணிக்கு என்பது நிலையத்தில் எழுதிப் போட்டிருக்கும், வந்த அன்றைக்கே அதைக் கைபேசியில் படம் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள்.